கிடை நாய்க்கும் ஊசி தேவை

மாட்டுக்குக் கோமாரி ஊசி போடும் விவசாயப் பெருமக்கள் பலர், ஆட்டுக்கிடையைக் காக்கும் நாயை மறந்துவிடுகின்றனர். மேலூர், வாடிப்பட்டி வயல்களில் கிடையோடு ஊர் மாறும் இந்நாய்கள், மதுரை நகருக்குள் நடக்கும் தடுப்பூசி முகாம்களுக்கு வருவதில்லை.

நாய்களைக் கொல்வதால் வெறிநோய் ஒழியாது. காலியான இடத்திற்கு வேறு நாய்கள் வந்துவிடும். ஆண்டுதோறும் நூற்றுக்கு 70 நாய்களுக்கு ஊசி போடுவதே வழி. கோவாவில் 2013 முதல் பெருமளவில் ஊசி போட்டு வந்ததன் பயனாக, 2018, 2019 ஆண்டுகளில் வெறிநோயால் ஒருவர்கூட இறக்கவில்லை.

2030-க்குள் இச்சாவுகளை ஒழிப்பது நம் நாட்டின் இலக்கு. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட வரும் நாளிலேயே கிடை நாய்க்கும் போடவேண்டும்.

கடிபட்டால் மஞ்சள், சுண்ணாம்பு தடவாதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோய்க்குறி கண்டபின் பிழைப்பது அரிது.