கர்ப்பிணிக்குக் காய்ச்சலெனில் காத்திருத்தல் ஆகாது

வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் டெங்கு பற்றிய அச்சமும் கூடவே வந்துவிடுகின்றது. "மழைக் காய்ச்சல்தானே" என்று இரண்டு மூன்று நாட்கள் பொறுத்திருப்பது எமது வீடுகளின் வழக்கம். அவ்வீட்டில் ஒரு கர்ப்பிணித் தாய் இருப்பாராயின், அந்தப் பொறுமை இரண்டு உயிர்களுக்கு உலை வைத்துவிடலாம்.

கர்ப்ப காலத்தில் வைரஸ் தொற்று விளைவிக்கும் கேட்டை இந்நாடு அறியாததல்ல. ருபெல்லா எனப்படும் ஜேர்மன் சின்னமுத்து, கருவுற்ற முதல் மாதங்களில் தாயைப் பீடித்தால், பிள்ளையின் கண், செவி, இருதயம் ஆகியன பாதிக்கப்படலாம். 1996ஆம் ஆண்டு தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தின் பயனாக, ருபெல்லாவை நீக்கிய நாடாக 2020இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்தது. டெங்குவைப் பொறுத்தவரை கர்ப்பிணிகளுக்கு அத்தகைய கவசம் இல்லை. 2017ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோரை அந்நோய் இந்நாட்டில் பீடித்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

கர்ப்பிணியிடம் டெங்கு தன்னை மறைத்துக்கொள்கின்றது என்பதே இதிலுள்ள பேராபத்தாகும். இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும்போது நாடித்துடிப்பு விரைவதையும் குருதி செறிவதையும் கொண்டே வைத்தியர்கள் ஆபத்தை உணர்கின்றனர். கர்ப்ப காலத்திலோ நாடி இயல்பாகவே விரைந்தும், குருதி நீர்த்தும் இருக்கும். அத்துடன், காய்ச்சல் தணியும் வேளையிலேயே நோய் உக்கிரமடைகின்றது. சுகமாகிவிட்டது என வீட்டார் ஆறுதலடையும் நேரமே ஆபத்தான நேரம். அவ்வேளையில் பிரசவம் நேருமாயின் குருதிப் பெருக்கைக் கட்டுப்படுத்துவது கடினம். குறைமாதப் பிரசவமும் நிகழலாம். பிரசவத்தை அண்டித் தொற்று ஏற்படின், அது குழந்தைக்கும் கடக்கக்கூடும்.

எனவே, காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே கர்ப்பிணியை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். கணவர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் சம்மதிக்கும்வரையோ, வீட்டுப் பெரியவர் வரும்வரையோ காத்திருக்கலாகாது. புரூபன், டைக்ளோபெனக் போன்ற மாத்திரைகளை மருந்துக் கடையில் வாங்கி விழுங்குவது குருதிப் பெருக்குக்கு வழிகோலும். பரசிற்றமோலைத் தவிர வேறெதையும் வைத்தியரைக் கேளாது காய்ச்சலுக்கு எடுத்தல் கூடாது.

வீட்டாரை மாத்திரம் குறைகூறி அதிகாரிகள் ஒதுங்கிவிடவும் முடியாது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கரையோரங்களில் கைவிடப்பட்ட கொள்கலன்கள், தோணிகள், கிணறுகளில் தேங்கிய உவர்கலந்த நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை 2011இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நன்னீரில் மாத்திரமே இந்நுளம்பு பெருகும் என்ற நம்பிக்கையில் வாவிக்கரையைக் கவனியாது விட்டால், வீட்டு வளவுகளைத் துப்புரவாக்குவதன் பயன் குன்றிப்போகும். கரையோரக் கழிவுகளை அகற்றுவது உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாகும்.

குடும்ப சுகாதார சேவை உத்தியோகத்தர்களிடம் தத்தமது பிரிவுகளிலுள்ள கர்ப்பிணிகளின் பதிவுகள் உள்ளன. மாரி தொடங்குமுன்னர் அப்பதிவுகளைக் கொண்டு, கர்ப்பிணிகள் வாழும் வீடுகளையும் அயலையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் முதலில் பரிசோதிக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம். இதற்குப் பெருநிதி தேவையில்லை; இரு தரப்பினரும் இணைந்து செயற்பட்டாலே போதுமானது.

காத்தான்குடியில் கடித்த நுளம்பு கல்லடியில் கடிக்காது என எவரும் சொல்வதற்கில்லை. வாவியைப் பகிர்ந்து வாழும் தமிழ், முஸ்லிம் மக்கள் இந்த ஆபத்தையும் பகிர்ந்தே வாழ்கின்றனர். ஜும்ஆப் பிரசங்கத்திலும், ஆலய ஒலிபெருக்கியிலும், தேவாலயத்திலும் ஒரே அறிவித்தல் ஒலிக்கட்டும்: கர்ப்பிணிக்குக் காய்ச்சலெனில் அன்றே வைத்தியசாலை. ஒரு தாயை இழந்த பின்னர் நுளம்புப் புகை அடிப்பதால் எவருக்கும் ஆறுதல் கிட்டப்போவதில்லை.