யார் முன்னே? யார் பின்னே?
மாரத்தான் பயிற்சியில் கணவன்-மனைவி

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 4 மணி. சென்னை பெசன்ட் நகரில் பால்காரர்கூட இன்னும் வரவில்லை. ஆனால் சாலையில் காலடிச் சத்தம் கேட்கிறது. கணவன் ஓடுகிறார். பக்கத்திலே மனைவியும் ஓடுகிறார்!

யாரும் இவர்களைத் துரத்தவில்லை. ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தான் ஓட்டத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே தயாராகிறார்கள். மாரத்தானின் தூரம் 42 கிலோ மீட்டர் 195 மீட்டர். ஏறக்குறைய கோட்டையிலிருந்து கோவளம் வரை!

இப்படித் தம்பதியாக ஓடுகிறவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இது நடக்கக்கூடிய காரியமாக இல்லை. பெண்ணால் அவ்வளவு தூரம் ஓட முடியாது என்றே பெரிய மனிதர்கள் நம்பினார்கள்.

எண் 261

அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் புகழ் பெற்றது. 1967-ல் கேத்தரின் சுவிட்சர் என்ற 20 வயதுக் கல்லூரி மாணவி அதில் ஓட ஆசைப்பட்டார். "பெண்ணால் ஆகாது" என்றார், அவருக்குப் பயிற்சி கொடுத்த ஆர்னி பிரிக்ஸ். பயிற்சியிலேயே 31 மைல் ஓடிக் காட்டினார் அந்தப் பெண். மாரத்தானே 26 மைலுக்குச் சற்று அதிகம்தான்! பிரிக்சுக்கு அப்புறம் பேச்சில்லை.

சுவிட்சரின் காதலர் டாம் மில்லர். சம்மட்டி எறியும் வீரர். மலை போன்ற உடம்பு. "நீ ஓடினால் நானும் ஓடுவேன்" என்று, பயிற்சி எதுவும் இல்லாமலே கிளம்பிவிட்டார்.

ஓட்டம் தொடங்கிச் சில மைல் போனதும், ஜாக் செம்பிள் என்ற நிர்வாகி பாய்ந்து வந்து சுவிட்சரின் 261-ம் எண் சீட்டைப் பிய்க்கப் பார்த்தார். மில்லர் ஒரே தள்ளு! செம்பிள் ஓரமாகப் போய் விழுந்தார். பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காதலர்கள் இருவருக்கும் வாய்ச் சண்டை வந்தது. மில்லர் கோபித்துக்கொண்டு முன்னால் ஓடிப் போனார். கொஞ்ச தூரத்திலேயே களைத்து நடக்கத் தொடங்கினார். சுவிட்சர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்! இதையெல்லாம் சுவிட்சரே தம் நூலில் சொல்லியிருக்கிறார். மறு வருஷம் இருவரும் மணந்துகொண்டார்கள். அந்த மணம் நிலைக்கவில்லை.

பெண்களை பாஸ்டனில் முறைப்படி அனுமதித்தது 1972-ல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வந்தது 1984-ல்தான். சுவிட்சர் 2017-ல், 70-வது வயதில், அதே 261-ம் எண்ணுடன் பாஸ்டனில் மறுபடி ஓடி முடித்தார்.

பின்பாதியில் என்ன நடக்கிறது?

உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து சுமார் 30 கிலோ மீட்டரில் பலருக்குத் தீர்ந்துவிடுகிறது. அப்போது கால் இரும்பாகிவிடும். உடம்பிலுள்ள கொழுப்பையும் எரித்து ஓடப் பழக்குவதற்குத்தான் வாரம் ஒரு நீண்ட ஓட்டம்.

ஆரம்பத்தில் அவசரப்பட்டவருக்கு இந்தக் கஷ்டம் சீக்கிரமே வரும். அமெரிக்காவில் 14 மாரத்தான்களில் 90 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களை ஆராய்ந்து 2015-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பின்பாதியில் ஆண்களின் வேகம் சராசரியாக நூற்றுக்கு 15.6 பங்கு குறைந்தது. பெண்களுக்குக் குறைந்தது 11.7 பங்குதான். ஆகவே, முன்பாதியில் வேகத்தை நிர்ணயிக்கும் பொறுப்பை மனைவியிடம் விடுவது கணவனுக்கு நல்லது என்பது என் கட்சி. மீசைக்காரர்கள் கோபிக்க வேண்டாம்!

சரி, பயிற்சியில் இருவர் வேகமும் வேறாக இருந்தால்? அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. இருவரும் சேர்ந்தே புறப்பட்டு, அவரவர் வேகத்தில் ஓட வேண்டும். ஒரு மணி நேரம் ஆனதும் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். வேகம் மாறாமல் ஓடினால், இருவரும் ஒரே சமயத்தில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்வார்கள். ஆனால் இருட்டில் மனைவி தனியாக ஓட வேண்டியிருக்கும். விடிந்த பிறகு செய்வதே நல்லது.

விடிந்த பிறகோ வெயில்! சென்னைக் காற்றில் ஈரம் அதிகம்; வியர்வை லேசில் உலராது, உடம்பு குளிராது. அதற்காகக் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. 2002-ம் ஆண்டு பாஸ்டனில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு ரத்தத்தில் உப்புச் சத்து அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. தண்ணீரை அதிகமாகக் குடித்து, ஓடும்போதே எடை கூடியவர்கள்தான் அவர்களில் பலர்.

வீட்டில் யார்?

ஒரு கிலோ மீட்டருக்கு 7 நிமிஷம் என்றால், 30 கிலோ மீட்டருக்கு மூன்றரை மணி நேரம். வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்தால் ஞாயிறு பாதி போயிற்று. இப்படி நாலு மாதம்! அதுவரை குழந்தைக்குப் பால் கொடுப்பது யார்? பெரும்பாலும் பாட்டிதான். இரண்டு பேர் சாலையில் ஓட, மூன்றாவது ஆள் வீட்டுக்குள் ஓட வேண்டியிருக்கிறது.

பாட்டி இல்லாத வீட்டில், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு நின்றுவிடுவது யாருடைய ஓட்டம்? இதைக் கேட்டால் பல கணவன்மார்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சனிக்கிழமை அவள், ஞாயிற்றுக்கிழமை அவர் என்று முதலிலேயே பங்கு போட்டு, நாட்காட்டியில் எழுதி மாட்டிவிட்ட வீடுகளும் உண்டு. சனிக்கிழமை காலை அந்த வீடுகளில் காப்பி போடுவது அவர்தான்.