"கெதியாகச் சொல்லு!"

"ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு, இரண்டில் எது பாரம் கூட?" என்று வீட்டுக்கு வந்த மாமா கேட்கிறார். பிள்ளை விழிக்கிறது. "கெதியாகச் சொல்லு!" என்கிறார் மாமா. "இரும்பு" என்கிறது பிள்ளை. எல்லோரும் நகைக்கிறார்கள், பிள்ளைக்கு மந்தம் என்ற பட்டமும் கிடைத்துவிடுகிறது. அந்த மாமாவாக நாமும் ஒரு காலத்தில் இருந்தவர்களே.

பிழை அறிவினுடையதா, அவசரத்தினுடையதா?

முந்திக்கொண்டு வரும் விடையை அடக்கி, வேண்டிய விடையைத் தெரிந்தெடுக்கும் ஆற்றலை உளநூலார் நிறைவேற்றுத் தொழிற்பாடுகளுள் ஒன்றாக எண்ணுவர். அடேல் டயமண்ட் என்னும் உளநூலறிஞரும் அவர்தம் துணைவர்களும் இதனை ஆராயக் கையாண்ட சோதனை மிக எளியது. சூரியன் வரைந்த அட்டையைக் கண்டால் பிள்ளை 'இரவு' என்றும், சந்திரனும் விண்மீன்களும் வரைந்த அட்டையைக் கண்டால் 'பகல்' என்றும் கூறல் வேண்டும். 3½ முதல் 7 வயது வரையான பிள்ளைகளிடம் நடாத்திய இச்சோதனையின் முடிவுகள் 1994 இல் வெளிவந்தன. ஐந்து வயதுக்குட்பட்டோர் பெரிதும் இடர்ப்பட்டனர். அவர்கள் விதியை மறந்துவிட்டனர் என்றும் கூறுவதற்கில்லை. பகலோடும் இரவோடும் தொடர்பற்ற கோலங்களைக் காட்டி அதே இரு சொற்களைக் கேட்டபோது, சிறியோரும் நன்கு விடையளித்தனர்.

2002 இல் வெளிவந்த ஆய்வில் ஒரு சிறு மாற்றம் செய்தனர். அட்டையைக் காட்டியதும் சோதனையாளர் ஒரு குறும்பாட்டைப் பாடினார். அது முடிந்த பின்னரே நாலு வயதுப் பிள்ளை வாய்திறக்கலாம். விடைகள் வெகுவாகத் திருந்தின. யோசித்துச் சொல் என்ற கருத்து அப்பாட்டில் இருந்தமையால், அவ்வறிவுரையே பயன் தந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால், பொருந்தாத வேறு பாட்டைப் பாடினாலும் பயன் விளைந்ததென 2016 இல் காட்டினர். முந்திவந்த விடை தானாகவே தணிய, சரியான விடை மெல்ல மேலெழுகிறது என விளக்குவோரும் உளர். "யோசி, யோசி" என்று பிள்ளையின் காதருகே நாம் முழங்குவதெல்லாம் வீண்தானோ! வேண்டியது அந்த இடைவெளி ஒன்றே.

தாமதம் எங்கும் நன்று என நாம் கூறவில்லை. மனனமான வாய்பாட்டை ஒப்புவிக்க எவரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அண்மையில் எமது இல்லத்து நாலு வயதுச் சிறுமியிடம் இவ்விளையாட்டை ஆடிப் பார்த்தோம். இரண்டு அட்டைகளுக்குச் சரியாகச் சொன்னாள். மூன்றாவதில் சூரியன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பொறுக்கமாட்டாத தாயார் குறுக்கிட்டு விடையைச் சொல்லிவிட்டார்.

"பகல்!"