திருக்கோணமலைக் குடாவும் இரவுக் கப்பலும்

விடுமுறை அணுகுங் காலத்து நம் மாணாக்கரிடையே பெரிதும் வழங்கும் வினா, கூட்டமில்லாத கடற்கரை எங்குளது என்பதாம். இவ்வினா தாம்பரத்திற் பிறத்தல் வியப்பன்று. 1937 ஆம் ஆண்டிற் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் இரைச்சலை விட்டு, ஏறக்குறைய 365 ஏக்கர்ப் பரப்புள்ள புதர்க்காட்டை நாடி இவ்விடம் போந்தது. நகரமும் அதன் பின்னே மெல்ல நடந்து வந்துவிட்டது. 2021 ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. 2023 டிசம்பரிற் கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையந் திறக்கப்பட்டபின், மாலை வேளையில் ஜி. எஸ். டி. சாலையைக் கடத்தலே ஒரு யாத்திரையாகிவிட்டது. கடலையேனும் காண்போமெனக் கோவளஞ் செல்வோர் ஞாயிற்றுக்கிழமைகளில் அலையினும் தலைகளையே மிகுதியாகக் கண்டு மீள்கின்றனர்.

இந்நிலையில், 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம் நாள் 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் சென்னைத் துறைமுகத்தினின்று இலங்கை நோக்கிப் புறப்பட்ட செய்தி பலருடைய மனத்தையும் கவர்ந்தது. அம்பாந்தோட்டை, திருக்கோணமலை, காங்கேசன்துறை என்னும் மூன்றும் அதற்குக் குறித்த துறைகள். இவற்றுள் திருக்கோணமலையைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம். சென்னையினின்று அத்துறைக்குள்ள தொலைவு ஏறத்தாழ 275 கடல்மைல். மாலை ஐந்து மணிக்கு நங்கூரந் தூக்கும் கப்பல், மணிக்கு 16 கடல்மைல் வீதம் ஓடுமாயின், மறுநாள் நண்பகலுக்கு முன்னரே குடாவினுட் புகுதல் கூடும். ஓரிரவு உறங்கி எழுவதே இடையிலுள்ள வேலை.

உலகத்துப் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய அக்குடாவைக் கடல்வழியே அணுகுவதுதான் முறை என்பது எமது துணிபு. குன்றுகள் சூழ்ந்த ஆழ்நீர்ப் பரப்பு. தென்பால் மாவலி கங்கை கலக்குங் கொட்டியாரக் குடா. கடலினுள் நீண்டு செங்குத்தாய் நிற்கும் பாறையின் உச்சியிற் கோணேசர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய அத்தலத்துப் பழங்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துகேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். கடலில் வீழ்ந்த தூண்களையுஞ் சிற்பங்களையும் 1956 ஆம் ஆண்டில் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் நீரில் மூழ்கிக் கண்டனர். கரைக்கு அணித்தே கடலடியிற் பெரும் பள்ளத்தாக்கொன்று கிடத்தலின், உரிய பருவத்தில் நீலத்திமிங்கிலங்களும் அவ்வழியே திரிவதுண்டு. விமானத்திற் கொழும்பு சென்றிறங்கி அங்கிருந்து காரில் ஓடிவருவோர்க்கு இக்கடல்முகக் காட்சி வாய்ப்பதில்லை.

அன்றியும், அவ்வூர் நமக்குப் புதியதன்று. தமிழின் முதல் வரலாற்று நாவலெனக் கருதப்படும் 'மோகனாங்கி' 1895 ஆம் ஆண்டிற் சென்னையில் வெளியாயிற்று. அதனை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை திருக்கோணமலையிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர். அவர்தந் தமையனார் கனகசுந்தரம்பிள்ளையும் சென்னையில் வாழ்ந்து தமிழ்த்தொண்டு புரிந்தவரே. அந்நாளில் கடல் நடுவே கிடந்தும், அவ்வூர்க்கும் நமக்கும் போக்குவரவு எளிதாயிருந்தது.

நிற்க. இப்பிரயாணத்தை விரும்பும் யாம் இப்போதைய உல்லாசக் கப்பலை விரும்புகின்றோமா எனின், இல்லை என்றே கூறுவோம். ஆயிரத்தைந்நூற்றுக்கு மேற்பட்டோர் ஏறத்தக்க அக்கலம், நீச்சற் குளமும் நாடகக் கூடமும் சூதாடும் இடமும் உடையதோர் அடுக்கு மாளிகை. இத்தகைய கப்பல்கள் பெரும்பாலும் பகலில் ஒரு துறையை அடைந்து, பயணிகளைச் சில மணி நேரம் கரையில் உலவவிட்டு, மாலையில் அடுத்த துறைக்குப் புறப்படுவன. அமைதியை நாடி ஆயிரம் பேர் ஒரே காலையில் ஓரிடத்தில் இறங்குவாராயின், கோவளத்து ஞாயிற்றுக்கிழமையை அவர்கள் தம்முடனே கப்பலேற்றிச் சென்றவராவர். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவைக் காண்க. நடந்தே சுற்றிவிடத்தக்க அச்சிறு தீவும் அதனைச் சூழ்ந்த பவளப்பாறைகளும் 2003 ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் ஆழமில்லா நீரில் இறங்குவோர் காலடி பட்டே பவளங்கள் முறிகின்றன. அங்கு ஐம்பதின்மர் செல்வதற்கும் ஐந்நூற்றுவர் செல்வதற்கும் உள்ள வேறுபாடு கணக்கு வேறுபாடு மட்டுமன்று.

இதனினும் எம் மனத்தை உறுத்துவது பிறிதொன்று. 'கூட்டம் இல்லை' என்று விளம்பரஞ் செய்யப்படும் அக்கரையிற் கூட்டம் இல்லாது போனது ஏன்? 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரில் அம்மாவட்டம் பட்ட துயர் சிறிதன்று. குடிகள் ஊர்விட்டு ஓடினர். மீனவர் கடலிற் செல்லத் தடைகள் இருந்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எஞ்சியதையும் வாரிச் சென்றது. அங்குள்ள வெறுமையில் ஒரு பங்கு இயற்கையின் கொடை. மற்றொரு பங்கு மாந்தர் இழந்ததன் அடையாளம். அதனை விலைகொடுத்து நுகரச் செல்வோர் இரண்டையும் அறிந்து செல்லுதல் வேண்டும். கப்பற் சிப்பந்தி தரும் ஒற்றைத் தாட் குறிப்பில் இரண்டாவது காணப்படாது.

இக்கடலின் கப்பல் வரலாறும் இன்பச் செலவில் தொடங்கியதன்று. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 ஆம் ஆண்டிற் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவித் தூத்துக்குடிக்குங் கொழும்புக்குமிடையே கலஞ் செலுத்தியது, வணிகரும் ஏழைகளும் அன்னியர் கப்பலையே நம்பியிராதபடிக்காம். 1914 இல் தனுஷ்கோடி-தலைமன்னார் நீராவிக் கப்பல் தொடங்கியபின், எழும்பூரினின்று தாம்பரம் வழியே சென்ற 'போட் மெயில்' அதனோடு இணைந்தது. தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றோர் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குப்பின் கப்பலேறினர். பிற்காலத்துப் போருக்கஞ்சி இக்கரை சேர்ந்த அகதிகளுக்கும் அம்மண்டபமே தங்கிடமாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேசுவரத்தினின்று நடந்த கப்பலும் 1980-களிற் போர் மூண்டபின் நின்றது. இராமேசுவரஞ் செல்லும் வண்டியை இன்றும் 'போட் மெயில்' என்றே பலர் அழைக்கின்றனர். பெயரில் மட்டுமே போட்டு எஞ்சியுள்ளது. 2025 ஏப்ரல் 6 ஆம் நாள் புதிய பாம்பன் பாலந் திறக்கப்பட்டபொழுது தாம்பரத்துக்கும் இராமேசுவரத்துக்கும் புதியதோர் இரயிலும் விடப்பட்டது. ஆயினும் அவ்வழி இராமேசுவரத்தோடு முடிகின்றது.

எனவே, யாம் வேண்டுவது இது: முந்நூறு நானூறு பேரை ஏற்றும் எளிய பயணிகள் கப்பலொன்று, கடல் அமைதியுற்றிருக்கும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையேனும், வாரம் இருமுறை மாலையிற் சென்னையினின்று திருக்கோணமலை சென்று மீளல் வேண்டும். இறங்கியோர் மூன்று நான்கு நாள் ஊரிற் தங்கி அடுத்த கப்பலில் திரும்புவர். அவர் செலவிடும் பணம் கப்பலின் உணவுச்சாலையில் முடங்காது, ஊர்க் கடைக்கும் ஓட்டுக்காரர்க்கும் மீனவர்க்குஞ் சேரும். சென்னைப் புறநகர்களில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பத்து முதியோரும் பெட்டி படுக்கையோடு தாயகஞ் சென்றுவர இயலும். மாணாக்கர்க்குக் கீழ்த்தட்டிற் குறைந்த கட்டணம் அமைத்தல் இன்றியமையாதது.

இது நட்டத்தில் முடியுமென்று சிலர் கூறுவர். 2011 ஜூனில் தூத்துக்குடிக்குங் கொழும்புக்கும் ஓடத் தொடங்கிய 'ஸ்கோட்டியா பிரின்ஸ்' அவ்வாண்டு முடியுமுன்பே நின்றதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். ஆயிரம் பேருக்குரிய அக்கப்பல் பாதியும் நிறையாது ஓடியதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கலஞ் சிறிதாயிருப்பின் அதன் செலவும் சிறிது. 2023 அக்டோபர் 14 ஆம் நாள் 150 பேருக்குரிய 'செரியபாணி' என்னுஞ் சிறு கப்பல் நாகப்பட்டினத்தினின்று காங்கேசன்துறைக்கு ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவக்காற்று நெருங்கவே சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் வேறொரு கலத்தோடு மீண்டது. அரசினர் ஓரளவு பொருளுதவி புரிந்தால் இவ்வழி நிலைக்குமென்பதற்கு அதுவே சான்று. மேம்பாலங்களுக்கு இலாபக் கணக்குக் கேளாத நாம் கடல்வழிக்கு மட்டும் கேட்பது நியாயமோ?

சென்னைக் கப்பல் வருங்காறும் காத்திருக்க மனமில்லாதார்க்கு ஒரு வழி உண்டு. தாம்பரத்தில் இரவு வண்டியேறிக் காலையில் நாகப்பட்டினத்திலிறங்கி, அன்று கப்பல் உண்டென்பதை முன்னரே உறுதி செய்துகொண்டு புறப்பட்டால், ஏறக்குறைய நான்கு மணி நேரத்திற் காங்கேசன்துறை. யாழ்ப்பாணத்தில் ஓரிரவு தங்கி, மறுநாட் காலைப் பஸ்ஸில் வவுனியா வழியே திருக்கோணமலை சேரலாம். புறாத்தீவைப் பிறிதொரு முறைக்கு விட்டுவிட்டு, முதல் மாலை கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் காண்க. ஒவ்வொன்றின் நீரும் வெவ்வேறு சூடுடையது.