ஒதுக்கி வைத்த இடம்

நட்பின் பெருமையைப் பேசும்போதெல்லாம் நம் தமிழாசிரியர்கள் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் எடுத்துக் காட்டுவது வழக்கம். இருவரும் ஒருவரையொருவர் கண்டறியாதவர்கள். வடக்கிருந்து உயிர் நீக்கத் துணிந்த சோழன், தன் நண்பர் தவறாது வருவாரென்றும் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்க வேண்டுமென்றும் சொன்னான். அவரும் வந்தார். புறநானூறு தரும் இச்செய்தியைக் கேட்டு மாணவன் வியக்கிறான். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறுகிறான். ஆனால், அவனோடு ஒரே வாங்கில் இருந்த தோழன் நோய்ப்பட்டு மூன்று மாதம் வராதிருந்தால், அத்தோழனுக்கென வகுப்பில் ஓர் இடத்தை நாம் ஒதுக்கி வைக்கிறோமா?

இக்கேள்வியை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1962ஆம் ஆண்டு வலிகாமத்துக் கிராமமொன்றில் நான் ஐந்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். என் வாங்கிலே எனக்கு இடப்புறம் இருந்தவன் கிளித்தட்டில் எவராலும் தொட முடியாத ஓட்டக்காரன். ஒருநாள் அவனுக்குத் தொண்டைநோ வந்தது. யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இரண்டு மூன்று வாரம் சென்றபின் முழங்கால் வீங்கியது. அது வற்ற, மணிக்கட்டு வீங்கியது. மூட்டுவாதக் காய்ச்சல் என்றார்கள். மூட்டுகளை நக்கி இருதயத்தைக் கடிக்கும் நோய் என்று வைத்தியர்கள் இதனைச் சொல்வதுண்டு. தொண்டையைத் தாக்கும் ஒருவகைக் கிருமியை எதிர்த்தெழும் உடல், தன் இருதயத்தையே புண்படுத்திவிடுகிறது. அவனுடைய இருதயத்தின் வால்வுகள் பழுதாயின. மாதக்கணக்கிற் படுக்கையை விட்டு எழக்கூடாதென்று வைத்தியர் கட்டளையிட்டார்.

முதல் இரண்டு வாரமும் பள்ளி விட்டதும் என் கொப்பிகளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலருகே ஒரு முக்காலி இருக்கும். அதிலிருந்து அன்றைய கணக்குகளைச் சொல்வேன். அவன் படுத்தபடியே எழுதுவான். பின்னர், அது தொற்றும் வருத்தமென்று ஊரிலே பேச்சு எழுந்தது. “அந்த வீட்டுப் பக்கம் இனிப் போகாதை” என்று அம்மாவும் மறித்தார். அவனுடைய இருதயநோய் எவரையும் தொற்றாது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பழியை அம்மாமீதும் ஊர்மீதும் சுமத்திவிட்டு நான் தப்பிக்கொள்ளலாம். உண்மை அதுவன்று. அந்தத் தடை எனக்கு வசதியாக வாய்த்தது. போர்வைக்கு மேலாகவும் அவன் நெஞ்சு படபடப்பது தெரியும். ஒரு வசனத்தைச் சொல்லி முடிக்குமுன் மூச்சு வாங்கும். அதைப் பார்த்திருக்க எனக்குப் பயமாயிருந்தது. மாலையில் விளையாடப் போவது எளிதாயிருந்தது.

வகுப்பிலே அவன் பெயர் கூப்பிடப்படும் போதெல்லாம் “வரவில்லை, ஐயா” என்று நாங்கள் சொல்லி வந்தோம். ஒருநாள் அந்தப் பெயர் கூப்பிடப்படவில்லை. அடுத்த வாரம் வேறொருவன் அந்த இடத்துக்கு வந்தான். நான் நகர்ந்து வழிவிட்டேன்.

அடுத்த ஆண்டு மாசியில் அவன் இறந்தான். செத்த வீட்டுக்குப் பாடசாலையிலிருந்து வரிசையாகப் போனோம். அவனுடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, பின்னேரத்திலை அந்த முக்காலியைக் கிட்ட இழுத்து வைக்கச் சொல்லுவான். பள்ளிக்கூடம் விட்டா நீ வருவாயாம்.” அவர் குரலிற் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் என்னால் அதைத் தாங்கியிருக்க முடியும்.

சோழனைப் போலவே அவனும் இடம் ஒதுக்கி வைத்திருந்தான். வர வேண்டியவன்தான் வரவில்லை.

இது என் ஒருவனது குற்றம் மட்டுமன்று என்பதைப் பிற்காலத்தில் ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகியின் வரலாற்றைப் படித்தபோது உணர்ந்தேன். 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு வயது இரண்டு. வகுப்பின் அஞ்சலோட்டக் குழுவில் ஓடியவள், 1955 பெப்ரவரியில் இரத்தப் புற்றுநோயுடன் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டாள். அதே ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி இறந்தாள். அவள் மடித்த காகிதக் கொக்குகளை உலகம் அறியும். அவளுடைய வகுப்புத் தோழரைப் பற்றி அறிந்தவர் சிலரே. அவர்கள் ஆரம்பத்தில் அடிக்கடி சென்று பார்த்தனர். புதிய பாடசாலைகளுக்குப் பிரிந்து போனபின் வருகை குறைந்தது. அவள் இறந்ததும் அந்தக் குறை அவர்கள் மனத்தை அறுத்தது. அந்த வேதனையோடுதான் அவர்கள் நிதி திரட்டப் புறப்பட்டனர். 1958 மே 5ஆந் திகதி ஹிரோஷிமாவில் சிறுவர் சமாதான நினைவுச்சின்னம் திறந்து வைக்கப்பட்டது.

ஆகவே, குழந்தைகளிடம் அன்பு இல்லையென்பதன்று குறை. நோயின் முன்னே நிற்பதற்கு அன்பு மட்டும் போதாது, துணிவும் வேண்டும். அத்துணிவைப் பத்து வயதிற் பெரியவர்களிடமிருந்துதான் இரவல் பெற முடியும். பிஞ்சு உள்ளம் துன்பத்தைத் தாங்காது என்று சொல்லி நாம் உண்மையை மறைக்கிறோம். அது சரியென்று நான் ஒப்பமாட்டேன். அழுதால் ஆறும் துயரத்தைக் குழந்தை தாங்கிக்கொள்ளும். எவரிடமும் சொல்ல முடியாத குற்றவுணர்வே அறுபது ஆண்டு கழிந்தும் ஆறாமலிருக்கிறது.

இன்று காலம் மாறியுள்ளது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி, மூட்டுவாதக் காய்ச்சல் மீண்டும் வந்து இருதயத்தை மேலும் கெடுக்காமற் காக்கிறது. சடாகோவின் காலத்தில் அநேகமாக மரணத்திலேயே முடிந்த குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயிலிருந்து, வசதி மிக்க நாடுகளிற் பத்தில் ஒன்பது பிள்ளைகள்வரை பிழைக்கின்றனர். எனவே, இன்றைய நோயாளித் தோழன் பெரும்பாலும் திரும்பி வரப்போகிறவன். முடி கொட்டிய தலையோடு, எட்டு மாதப் பாடங்களை இழந்து, வகுப்பின் வாசலில் வந்து நிற்கப்போகிறவன். அவன் எங்கே இருப்பது?

ஆசிரியப் பெருமக்களை நான் கேட்பது பெரிய காரியமன்று. அவனுடைய இடத்தை வேறொருவனுக்குக் கொடாதிருங்கள். பெற்றோரின் சம்மதத்துடன் நோயின் பெயரை வகுப்புக்குச் சொல்லுங்கள்; புற்றுநோய் ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றாது என்றும் சொல்லுங்கள். மருந்தினால் எதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கும் அவனுக்கு எங்கள் தடிமனே ஆபத்தானது; ஆகையால் வைத்தியர் இசைந்தாற் போய்ப் பார்க்கவும், இசையாவிட்டாற் கடிதம் எழுதவும் முறை வகுத்துக் கொடுங்கள். பயப்படும் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். என் கையைப் பிடித்து அந்தப் படலை வரையும் ஒருவர் அன்று வந்திருந்தால், உள்ளே நான் போயிருப்பேன்.

பிசிராந்தையாரின் கதையைக் கற்பிக்கும் பாடவேளையிலே, வகுப்பில் எந்த இடம் வெறுமையாக இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள்.