ஓட்டக்காரனுக்குத் திறக்கும் கதவு

அமெரிக்காவில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், பிரவுன் முதலிய எட்டு சர்வகலாசாலைகள் 'ஐவி லீக்' என்ற பெயரில் ஒரு கூட்டாக இயங்குகின்றன. விளையாட்டுத் திறமைக்காக எவருக்கும் உபகாரச் சம்பளம் கொடுப்பதில்லை என்று 1954-ல் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. இன்றும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கின்றன. ஏட்டளவில் உண்மைதான். ஆனால் பணம் கொடுக்காதவர்கள் வேறு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டாமா? இடத்தையே கொடுக்கிறார்கள்!

நெடுந்தூர ஓட்டக்காரன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். உயர்நிலைப் பள்ளியில் 1,600 மீட்டர், 3,200 மீட்டர் ஓட்டங்களில் அவன் எடுத்த நேரம் எல்லோரும் பார்க்கும்படி பட்டியலில் ஏறுகிறது. சர்வகலாசாலைப் பயிற்சியாளர் அதைப் பார்க்கிறார்; அல்லது பையனே அவருக்கு எழுதுகிறான். பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-லிருந்து அவர் அவனோடு பேசலாம். கடைசி வகுப்புக்கு முந்தின கோடையில் அவனுடைய மார்க்குகள் அட்மிஷன் ஆபீசுக்குப் போகின்றன. அங்கே அவற்றைக் கூட்டிப் பெருக்கி 'அகாடமிக் இண்டெக்ஸ்' என்று ஓர் எண்ணாக்குகிறார்கள். எண் தேறினால், பயிற்சியாளர் சிபாரிசு செய்யும் சில பெயர்களில் அவன் பெயரும் ஒன்று. அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு, 'பெரும்பாலும் உனக்கு இடமுண்டு' என்ற கடிதம் வீடு தேடி வரும். சாதாரணமாக மனுப் போட்ட பிள்ளைகளோ மார்ச் கடைசி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தச் சலுகை எவ்வளவு பெரியது என்பதை அவர்களாகச் சொல்லவில்லை. 2018-ல் ஹார்வர்ட் மீது நடந்த வழக்கில் கணக்குகளைக் காட்ட நேர்ந்ததால்தான் வெளியே வந்தது. பயிற்சியாளர்கள் பொறுக்கியெடுத்த வீரர்களில் 100-க்கு 86 பேருக்கு இடம். விளையாட்டுச் சலுகையும் இல்லாமல், பழைய மாணவரின் பிள்ளை, நன்கொடையாளரின் பிள்ளை, ஆசிரியரின் பிள்ளை என்ற சலுகையும் இல்லாமல் வந்தவர்களில் 100-க்கு 6 பேர்கூட இல்லை!

ஓடத் தெரிந்த ஏழைப் பையனுக்கு இது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஸ்டாப் வாட்ச் அப்பனின் வருமானத்தை விசாரிப்பதில்லை. உள்ளே நுழைந்துவிட்டால் பணத் தொல்லையும் குறைவு: ஆண்டு வருமானம் 1 லட்சம் டாலருக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளையிடம் 2025-26 முதல் படிப்புச் சம்பளமும் சாப்பாட்டுச் செலவும் வாங்குவதில்லை என்று ஹார்வர்ட் அறிவித்தது. ஆனால் இந்தக் கதவு வழியாக ஓட்டக்காரன் மட்டுமா போகிறான்? பாய்மரப் படகு, துடுப்புப் படகு, ஸ்குவாஷ், வாள் சண்டை, கோல்ப் என்று சீமான் வீட்டுப் பொழுதுபோக்குகளெல்லாம் ஊர்வலமாகப் போகின்றன. படகைக் கண்ணால் பாராத தொழிலாளியின் பிள்ளை எந்தக் கடலில் பாய் விரிப்பான்?

பிரவுன் சர்வகலாசாலையில் நடந்ததைக் கேளுங்கள். 2020 மே 28-ல் 11 விளையாட்டுக் குழுக்களின் அந்தஸ்தை நிர்வாகம் பறித்தது. ஆண்களின் தடகளமும் கிராஸ் கன்ட்ரி ஓட்டமும் அதில் அடக்கம். அதே அறிவிப்பில் பாய்மரப் படகுக்கு அந்தஸ்து உயர்வு! (ஸ்குவாஷும் கோல்பும்கூட அன்று வெட்டுப்பட்டன, அது வேறு விஷயம்.) மினியாபோலிசில் ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கறுப்பின மாணவர்கள் அதிகமாக இடம்பெறும் குழுக்களில் ஒன்றையா வெட்டுகிறீர்கள் என்று மாணவர்களும் பழைய ஓட்டக்காரர்களும் பொங்கி எழுந்தனர். ஜூன் 9-ல், பன்னிரண்டே நாளில், நிர்வாகம் பணிந்தது. ஓட்டம் திரும்பி வந்தது. கெஞ்சிப் பெற்றதல்ல, போராடிப் பெற்றது.

அதற்காக ஓட்டத்திலே வர்க்கபேதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பந்தயச் சோடு ஒரு ஜோடி இருநூறு டாலருக்கு மேலும் போகிறது. கோடை முழுவதும் கடையில் மூட்டை தூக்குகிறவன் எப்போது ஓடுவான், எப்போது தூங்குவான்? ஆனாலும் நேரத்தைத் திருடுவது கடினம். 2019 மார்ச்சில் வெடித்த அட்மிஷன் ஊழலில், துடுப்பே பிடித்தறியாத பிள்ளைகள் துடுப்பு வீரர்களாக்கப்பட்டனர். காசு வாங்கிய பயிற்சியாளர்களின் கையிலிருந்த பட்டியல்தான் அந்த வியாபாரத்தின் சரக்கு.

2023 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், மாணவர் சேர்ப்பில் இனத்தைக் கணக்கில் எடுப்பதற்குத் தடை போட்டது. தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த சிறு கைத்தாங்கல் போயிற்று. பயிற்சியாளரின் பட்டியலையோ, பழைய மாணவரின் பிள்ளைக்கான சலுகையையோ அந்தத் தீர்ப்பு தொடவில்லை. இவை இரண்டும் யாருக்கு அதிகம் உதவுகின்றன என்பதற்கான கணக்கு அதே வழக்கில் இருந்தது: ஹார்வர்டில் இடம்பெற்ற வெள்ளை மாணவர்களில் 100-க்கு 43-க்கு மேற்பட்டோர் இப்படிப்பட்ட சலுகைக்காரர்கள்!

பட்டியல் இல்லாவிட்டால் விளையாட்டு அழிந்துபோகும் என்று பயமுறுத்துகிறார்கள். ஹார்வர்ட் இருக்கும் அதே கேம்பிரிட்ஜ் ஊரில்தான் எம்.ஐ.டி. இருக்கிறது. அங்கே பழைய மாணவரின் பிள்ளைக்குச் சலுகை இல்லை. பயிற்சியாளர் ஒரு பையனுக்காகப் பரிந்து பேசலாம். அவர் கையில் ஒதுக்கீட்டு இடம் இல்லை. 2022-ல் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளுக்கான தேசிய கிராஸ் கன்ட்ரிப் போட்டியில் ஆண்கள் பட்டத்தை வென்றது எம்.ஐ.டி. குழுதான்.