ஹாஸ்டலுக்குப் போற தம்பி தங்கச்சிகளுக்கும், போன்ல ஷேர் பட்டன் வச்சிருக்கிற நமக்கும்



காலேஜ் திறக்கிற சீசன். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன்ல காலை ரயிலுக்கு நின்னு பாத்தா தெரியும். பெட்டி, பக்கெட், தலையணையோட சிதம்பரம் போற ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்க. கூடவே அப்பா அம்மா. பொண்ணா இருந்தா வண்டி வர்ற வரைக்கும் அறிவுரை: இருட்டினதும் வெளிய போகாதே, யார்கிட்டயும் பேசாதே, போனைக் கையிலயே வச்சிரு. பையனா இருந்தா ஒரே வரி: "பாத்து அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா."

இந்த ரெண்டு அறிவுரையையும் நான் ஏத்துக்கமாட்டேன். காரணம் சொல்றேன்.

இந்தியாவிலேயே முதல்முறையா ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டு வந்தது தமிழ்நாடு, 1997-ல. அந்தச் சட்டம் வந்ததுக்குக் காரணம் நம்ம மாவட்டத்துல நடந்த ஒரு கொலை. 1996 நவம்பர் 6. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்துல இருக்கிற ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் நாவரசு, ஹாஸ்டல்லயே ஒரு சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். அதுக்குப் பின்னாடி இருந்தது ராகிங். நாவரசு ஒரு பையன். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்தவரோட மகன். அப்பாவோட பதவி, வீட்டோட செல்வாக்கு எதுவும் அந்த அறைக்குள்ள அவரைக் காப்பாத்தல. வெளியில இருந்து எவனும் கேட்டைத் தாண்டி வந்து செஞ்ச கொலையும் இல்ல அது.

அதனாலதான் சொல்றேன், "பையன்தானே, சமாளிச்சுப்பான்" என்கிற பேச்சை விட்டுருங்க.

வழக்கு என்ன ஆச்சுன்னு இன்னைக்கு இருபது வயசுல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. 1998 மார்ச் 11-ல் கடலூர் அமர்வு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2001 அக்டோபர்ல சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செஞ்சது. 2011 ஏப்ரல் 20-ல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து பண்ணி ஆயுள் தண்டனையை மறுபடி உறுதி செஞ்சது. சம்பவத்துக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவுல பதினாலரை வருஷம்.

சட்டத்துல என்ன இருக்குன்னு ஹாஸ்டல் போற ஒவ்வொருத்தரும் தெரிஞ்சுக்கணும். ராகிங் பண்ணினா ரெண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை கிடைச்சா காலேஜ்ல இருந்து நீக்கம், வேற காலேஜ்லயும் இடம் கிடையாது. பெரும்பாலும் இதோட நிறுத்திடுவாங்க. எனக்கு முக்கியமாப் படுறது அடுத்த பிரிவு: புகார் வந்த பிறகும் கல்லூரித் தலைமை விசாரிக்காம சும்மா இருந்தா, அவங்களும் குற்றத்துக்கு உடந்தைன்னு சட்டம் எடுத்துக்கும். "ஜாலியா நடக்கிறதுதானேப்பா, பெருசு பண்ணாதே"ன்னு சொல்ற வார்டனுக்கும் முதல்வருக்கும் இதை எடுத்துக் காட்டலாம். ஆனா ஒரு நிபந்தனை. புகார் எழுத்துல இருக்கணும், அதோட நகல் உங்க கையில இருக்கணும். வாயால சொன்னது நாளைக்கு "எங்க காதுக்கு வரவே இல்லையே" ஆயிடும்.

2009-ல் இமாச்சலப் பிரதேசத்துல அமன் கச்ரூ என்கிற மருத்துவ மாணவர் ராகிங்ல அடிபட்டு இறந்த பிறகு, யு.ஜி.சி. நாடு முழுக்க விதிமுறை கொண்டு வந்துச்சு. அட்மிஷன் நேரத்துல நீங்களும் பெற்றோரும் படிச்சே பாக்காம கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம் அதுல இருந்து வந்ததுதான். 1800-180-5522 என்கிற 24 மணி நேர ஹெல்ப்லைனும் அப்படித்தான் வந்துச்சு. பாதிக்கப்பட்டவரேதான் கூப்பிடணும்னு இல்ல. ரூம்மேட் கூப்பிடலாம், அம்மா கூப்பிடலாம். சீனியர்கள் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு ஜூனியர்களை மிரட்டுறதும் ராகிங்தான்னு 2025-ல் யு.ஜி.சி. தெளிவாவே சொல்லிடுச்சு. "இன்ட்ரோ"ன்னு பேர் வச்சா சட்டம் மாறிடாது.

இப்போ ரெண்டாவது சம்பவத்துக்கு வர்றேன். 2024 டிசம்பர் 23 ராத்திரி, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். செஞ்சவன் மாணவன் இல்ல, வெளியாள். வீடியோவைக் காட்டி மிரட்டியும் இருக்கான். அந்த மாணவி பயந்து ஒதுங்கல. மறுநாளே புகார் கொடுத்தாங்க. அடுத்தடுத்த நாள்லயே அவன் கைது. 2025 மே 28-ல் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளின்னு சொன்னது. ஜூன் 2-ல் குறைஞ்சது 30 வருஷம் வெளிய வர முடியாத ஆயுள் தண்டனை. அஞ்சு மாசம் சொச்சம்தான். நாவரசு வழக்கோட பதினாலரை வருஷத்தை இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க.

புகார் சீக்கிரம் வந்ததால சாட்சியங்கள் கலையறதுக்கு முன்னாடியே விசாரணை தொடங்க முடிஞ்சது. மிரட்டலுக்கு அவங்க பணிஞ்சிருந்தா அவன் மறுபடி அதே வளாகத்துக்குள்ள நடமாடிட்டு இருந்திருப்பான்.

இவ்வளவு தைரியமா இருந்த மாணவிக்கு வெளியில என்ன கிடைச்சுது? எஃப்.ஐ.ஆர். இணையத்துல கசிஞ்சது. அவங்க விவரங்களோட. உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கை எடுத்து, மூணு பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைச்சது. 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அதே நேரம் டைம்லைன் முழுக்க ஓடுனது என்ன? அவன் எந்தக் கட்சி, யார்கூட போட்டோ எடுத்தான், யார் ஆட்சி என்கிற சண்டை. அதுக்கு நடுவுல கசிஞ்ச பக்கத்தோட ஸ்கிரீன்ஷாட் ஒரு குரூப்ல இருந்து இன்னொரு குரூப்புக்கு.

பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆவது பிரிவுப்படி, பாலியல் குற்றத்துல பாதிக்கப்பட்டவரோட அடையாளத்தை வெளியிட்டா ரெண்டு வருஷம் வரை சிறை. பேரை மட்டும் மறைச்சுட்டு டிபார்ட்மென்ட், வருஷம், சொந்த ஊர் மூணையும் போட்டா, அதுவும் அடையாளம்தான். சட்டத்தை விடுங்க. அதைப் பாத்துட்டு இருக்கிற இன்னொரு ஹாஸ்டல் பொண்ணு என்ன முடிவெடுப்பா? "சொன்னா இதான் நடக்கும்"னு வாயை மூடிக்குவா. அடுத்த குற்றவாளிக்கு அதைவிடப் பெரிய உதவி வேற வேணுமா?

சரி, பெட்டி கட்டிட்டு இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் நடைமுறைப் பேச்சு.

அண்ணாமலைநகர் சின்ன கேம்பஸ் இல்ல, அது ஒரு ஊர். உள்ளேயே பெரிய ஆஸ்பத்திரி. நோயாளிகள், உறவினர்கள், ஆட்டோ, கடைன்னு ராத்திரி பகல் ஆள் நடமாட்டம். ஐ.டி. கார்டு பாத்து கேட்டை மூடிட்டா பாதுகாப்பு வந்துடும் என்கிறது அங்க நடக்காத கதை. அதனால முதல் வாரமே பகல்ல ஒரு தடவை நடந்து பாருங்க. ஹாஸ்டல்ல இருந்து டிபார்ட்மென்ட், லைப்ரரி, ஸ்டேஷன், அண்ணாமலைநகர் போலீஸ் ஸ்டேஷன். எந்தப் பாதையில விளக்கு இருக்கு, எது ராத்திரி பத்து மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கிற பாதைன்னு தெரிஞ்சுக்கணும். ராத்திரி ரயில்ல இறங்கினா தண்டவாளம் தாண்டி குறுக்கு வழியா போகாதீங்க. ரெண்டு பேரா சேர்ந்து ஆட்டோ, நம்பரை ரூம்மேட்டுக்கு ஒரு போட்டோ. அவ்வளவுதான்.

வீட்டுல கொடுக்க வேண்டியது: ஹாஸ்டல் பிளாக், ரூம் நம்பர், வார்டன் நம்பர், ரெண்டு ரூம்மேட்டோட நம்பர், முடிஞ்சா அவங்க வீட்டு நம்பரும். இதையே ஒரு பேப்பர்ல எழுதி பெட்டியில வச்சுக்கோங்க. பிரச்சினைன்னு வந்தா முதல்ல பறிபோறது போன்தான், நமக்கு எவன் நம்பர் மனப்பாடமா இருக்கு? ரூமுக்கு உங்க சொந்தப் பூட்டு. போன்ல "காவல் உதவி" ஆப், தமிழ்நாடு காவல்துறையோடது, 2022-ல் வந்தது. அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181.

போட்டோவையோ வீடியோவையோ வச்சு எவனாவது மிரட்டினா பணம் கொடுக்காதீங்க, சாட்டை அழிக்காதீங்க. அழிச்சா உங்க ஆதாரம்தான் போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பகமான ஒருத்தருக்கு அனுப்பி வச்சுட்டு போலீஸுக்குப் போங்க. பணம் போயிருந்தா உடனே 1930. எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் புகாரை வாங்கித்தான் ஆகணும், "எங்க லிமிட் இல்ல"ன்னு திருப்பி அனுப்ப முடியாது. அதுக்குத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர்.

பாலியல் தொல்லைக்குக் காலேஜ்லயே உள்ளகப் புகார்க் குழு இருக்கணும், 2013 சட்டப்படி. தலைவர் பெண், வெளியில இருந்து ஒரு உறுப்பினர், மாணவர் சம்பந்தப்பட்ட புகார்னா மாணவர் பிரதிநிதிகளும். குழுவை அமைச்ச உத்தரவை எல்லார் கண்ணுலயும் படுற இடத்துல ஒட்டியிருக்கணும். சேர்ந்த முதல் நாள் அந்தப் போர்டைத் தேடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. போர்டே இல்லையா? அதையே முதல் புகாரா எழுதுங்க. மூணு மாசத்துக்குள்ள எழுத்துல கொடுக்கணும். தானே எழுத முடியாத நிலையில இருந்தா தோழி எழுதிக் கொடுக்கலாம். குழுகிட்ட போனதால போலீஸுக்குப் போகக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. "முதல்ல நாங்க விசாரிக்கிறோம், வெளிய போகாதே"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

(புகார்ப் பெட்டியை வார்டன் ரூம் வாசல்ல, கேமராவுக்கு நேர் கீழ வைக்கிற பழக்கம் பல ஹாஸ்டல்ல இருக்கு. நான் படிச்ச இடத்துலயும் அப்படித்தான். நாலு வருஷத்துல அதுக்குள்ள ஒரு சீட்டு விழுந்து நான் பாத்ததில்ல.)

பெற்றோருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை போன்ல "இங்க பிடிக்கலம்மா"ன்னு சொன்னா, ஃபீஸ் கட்டின கணக்கை முதல்ல எடுக்காதீங்க. "என்னடா நடந்துச்சு"ன்னு கேட்டுட்டு அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க. பையன்கிட்டயும்.

கடைசியா நம்ம ஐ.டி. விங் தம்பிகளுக்கு. இந்தப் பக்கத்தோட இன்பாக்ஸுக்கு அப்பப்போ மாணவ மாணவிகள் எழுதுவாங்க. அப்படி வந்தா அதை "எக்ஸ்க்ளூசிவ்" ஆக்காதீங்க. எந்தக் கட்சிக்காரன் மாட்டுவான்னு கணக்குப் போடாதீங்க, அது நம்ம கட்சி ஆளா இருந்தாலும் சரி. வீடியோ இருக்கா அனுப்புன்னு கேக்கவே கூடாது. "இப்போ பாதுகாப்பான இடத்துல இருக்கீங்களா? கூட யார் இருக்காங்க? என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" இந்த மூணு கேள்வி போதும். அப்புறம் ஹெல்ப்லைன், போலீஸ், தேவைப்பட்டா வக்கீல். அவங்க அனுமதி இல்லாம ஒரு வரி கூட அட்மின் குரூப்புக்குப் போகக் கூடாது.

2024 டிசம்பர்ல வந்த அந்த எஃப்.ஐ.ஆர். பக்கம் உங்க போன் கேலரியில, பழைய குரூப்ல இன்னும் கிடக்கலாம். இந்தப் பதிவைப் படிச்சு முடிச்சதும் தேடி அழிச்சுட்டு, அந்த குரூப் அட்மினையும் அழிக்கச் சொல்லுங்க.

#பாதுகாப்பானவளாகம் #கடலூர் #சிதம்பரம்